பூஜ்யம் அக்கா கோயிலுக்குப் போனது

அந்த ஆஸ்பத்திரியில் எந்த அறையில் இருந்தாலும் சரி, போனை எடுத்துப் பூஜ்யத்தை அமுக்கினால் அவள் குரல்தான் கேட்கும். "வணக்கம், யாரோட பேசணும்?" என்பாள். பகல் முழுக்கச் சொல்லிச் சொல்லி அந்த வரி அவள் நாக்கிலேயே குடியேறிவிட்டது. ஒருநாள் வீட்டில் குக்கர் விசிலடித்தபோதுகூட அதையே சொல்லிவிட்டு, அடுப்படியில் தனியாக நின்று சிரித்திருக்கிறாள். ஊழியர்கள் முதலில் ஜீரோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எலும்பு டாக்டர் ஒருவர்தான், "ஜீரோன்னு சொல்லாதீங்கப்பா, பூஜ்யம்னு சொல்லுங்க. அதுல கொஞ்சம் மரியாதையும் சேர்ந்து வரும்" என்று திருத்தினார். அன்றிலிருந்து அவள் பூஜ்யம் அக்கா. அவள் குரலைத் தெரியாதவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு.

அவள் வேலை பார்த்த அறை படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, பொத்தான்கள் நிறைந்த போன் பெட்டி, ஒரு காற்றாடி, ஒரே ஒரு சுழல் நாற்காலி. சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் மேசைமேல் டீ டம்ளர் லேசாக நடுங்கும். இரவு வேலைக்கு வேறொருவர் வருவார். நெட்டையான மனிதர். எல்லாருக்கும் அவர் நைட்டு சார். அவர் நாற்காலியை ஏற்றி வைத்துவிட்டுப் போவார், காலையில் வந்து இவள் இறக்கிக்கொள்வாள். பல வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் என்றாலும், ஆள் மாறும் அந்தச் சில நிமிஷங்கள்தான் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "ராத்திரி எப்படி சார்?" "ஓடிச்சு அக்கா." அவ்வளவுதான் பேச்சு.

புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. அதற்குப் பிறகு அவளுடைய அக்கா வந்து கூட இருந்தாள். இரண்டு பேருமாக ஒரு வீட்டில் சமைத்து, சண்டை போட்டு, டிவி பார்த்து, காலம் ஓடியது. எப்போதாவது ஒருநாள் அந்தப் பெரிய கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்பது அக்காவின் ஆசை. மலை இல்லை, ஆறு இல்லை, சமதரையில் நிற்கிற கோயில்தான். ஆனால் அங்கே போய்க் கும்பிட்டால் மனசில் இருக்கிறது இறங்கிவிடும் என்று யாரோ அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி கேன்டீன் நடத்துகிற அம்மாவின் கொழுந்தன் யாத்திரை பஸ் விடுகிறவர். மூன்று நாளில் நாலைந்து கோயில் பார்த்துத் திரும்பும் பஸ். அவரிடம் அக்கா தங்கை இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துச் சீட்டாகச் சொல்லி வைத்தார்கள்.

புறப்படப் போகும் வாரத்தில் அக்காவின் மகனுக்குக் குழந்தை பிறந்தது. மருமகளுக்குத் துணைக்கு ஆள் இல்லை. அக்கா பெட்டியைக் கட்டினாள்.

"நீ போய்ட்டு வா பாப்பா. எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வா" என்றாள். ஐம்பது தாண்டியும் அக்காவுக்கு அவள் பாப்பாதான்.

"நீ எப்ப திரும்பி வருவ?"

"கொழந்தைக்குக் கழுத்து நிக்கட்டும்."

குழந்தைக்குக் கழுத்து நின்றது, உட்கார்ந்தது, தவழ்ந்தது. அக்கா திரும்பவில்லை. சண்டை எதுவும் இல்லை. அங்கே அவள் தேவைப்பட்டாள், அவ்வளவுதான். யாத்திரை பஸ் அதற்குள் இரண்டு தடவை போய்வந்துவிட்டது. மூன்றாவது தடவை பூஜ்யம் அக்கா தனியாகக் கிளம்பினாள். பகல் வேலையை நைட்டு சார் பார்த்துக்கொள்வதென்றும், இரவுக்கு ரிசப்ஷனிலிருந்து ஒருவர் வருவதென்றும் ஏற்பாடாயிற்று.

செய்தி பரவியதும் படிக்கட்டு அறைக்கு ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். லேப்காரன் பரீட்சை பாஸாக வேண்டுமென்று கேட்டுக்கொள்ளச் சொன்னான். கேன்டீன் அம்மாவுக்கு முழங்கால் வலி. வார்டில் கூட்டுகிற ஆயாவுக்கு மகன் ஒழுங்காக ஒரு வேலையில் நிலைக்க வேண்டும். நைட்டு சார் கடைசியாக, "எனக்கு ராத்திரி தூக்கம் வரணும்னு கேளுங்க அக்கா" என்றார்.

"ராத்திரி தூங்கினா வேலை போயிடுமே சார்."

"அதையும் சாமியே பாத்துக்கட்டும்."

விடியற்காலையில் பஸ் கிளம்பியது. ஏறியவர்கள் எல்லாரும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மாமியார், மருமகள், நாத்தனார், தோளில் தூங்கும் குழந்தை என்று ஒவ்வொரு வரிசையும் ஒரு வீடு மாதிரி இருந்தது. அவள் பக்கத்துச் சீட்டு காலி. முதலில் பின் சீட்டு அம்மா, "இங்க யாரும் இல்லையே?" என்று கேட்டு ஒரு பையை வைத்தாள். பிறகு யாரும் கேட்கவில்லை. தண்ணீர்ப் பாட்டில், போர்வை, குழந்தையின் ரப்பர் பொம்மை என்று சாமான் குவிந்தது. பஸ் திரும்பும்போதெல்லாம் அது அவள்மேல் சரிந்தது. கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். பொம்மை ஒருமுறை கீழே விழுந்து கீச்சென்று கத்தியபோது மூன்று வரிசைக்காரர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பயணத்தில் அவளை இத்தனை பேர் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

முற்பகலில் பெரிய கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். யாத்திரைக்காரர் பஸ் படியில் நின்று உரக்கச் சொன்னார். "செருப்பு, போன், பை எல்லாம் பஸ்லயே இருக்கட்டும். போன் உள்ள விடமாட்டாங்க. கும்பிட்டுட்டு நேரா இங்க வந்துடுங்க. மத்தியானச் சாப்பாடு வழியிலதான்." அவள் பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். வீட்டுச் சாவியும் போனும் அதற்குள் இருந்தன. ஒரு சின்ன பர்ஸை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

வரிசை நீளமாக இருந்தது. இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போயிற்று. முன்னால் நின்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், பின்னால் நின்றவர்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நடுவில் அவள் மனசுக்குள் வேண்டுதல்களை வரிசைப்படுத்திக்கொண்டாள். பரீட்சை, முழங்கால், ஆயா மகன், தூக்கம், அக்கா, அக்காவின் பேரன். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. நம்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

சன்னிதி முன்னால் வந்தபோது ஒரே தள்ளுமுள்ளு. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். அக்கா பேரன் வரை வந்தாயிற்று. சரி, இனி நம் பங்கு என்று மூச்சை இழுத்தபோது, "நகருங்கம்மா, நகருங்க, பின்னால எத்தனை பேரு நிக்கறாங்க" என்று ஒருவர் அவள் தோளைத் தொட்டு அனுப்பிவிட்டார். கண்ணைத் திறந்தபோது முன்னால் தூண்தான் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டார் என்பது இதுதான் போலிருக்கிறது.

வெளிப் பிராகாரத்தில் ஓரமாக உட்கார்ந்தாள். இத்தனை தூரம் வந்து சாமியைக் கண்ணால் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வந்ததெல்லாம் ஊராருக்கு. பஸ்ஸில் கூட வந்தவர்கள் இன்னும் உள்ளேதான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பின் சீட்டு அம்மா குழந்தைக்கு வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் இருக்கிறது என்று நினைத்தாள். எழுந்து போய் மறுபடியும் வரிசையின் வாலில் நின்றாள்.

இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் சாமி முகம் நன்றாகத் தெரிந்தது. கறுத்து, எண்ணெய் மினுங்கி, ரொம்ப நாளாக அங்கேயே நின்றுகொண்டிருக்கிற முகம். என்ன கேட்பது என்று யோசித்தாள். காசா, உடம்பா, இடமாற்றமா? ஒன்றும் வாயில் வரவில்லை. இத்தனை நாள் யார் யாருக்கோ லைன் போட்டுக் கொடுத்தவளுக்கு, தனக்கென்று பேச ஒரு சொல் கிடைக்கவில்லை. பின்னாலிருந்து முழங்கை இடித்தது. சட்டென்று, "நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டாள்.

சொந்தக்காரர் வீட்டுப் படியேறும்போது கேட்கிற மாதிரி வெளியே கேட்கும்படியே கேட்டுவிட்டாள். பூசாரி நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. தானாகவே நகர்ந்துகொண்டாள். ஆனால் நகர்ந்து வந்த பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது. தன்னை யாராவது அப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

பஸ் நின்ற இடத்தில் பஸ் இல்லை.

இடம் மாற்றி நிறுத்தியிருப்பார்கள் என்று அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். வெயிலில் தரை தகித்தது. வெறுங்காலோடு நிழலிலிருந்து நிழலுக்குத் தாவித் தாவிப் போனாள். இளநீலப் பஸ், கண்ணாடியில் மஞ்சள் ரிப்பன். அப்படி ஒன்றும் இல்லை. அவர்கள் பஸ் நின்ற இடத்தில் வேறொரு பஸ் வந்து, வேறு குடும்பங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருந்தது அவளுக்கு.

விசாரணை என்று எழுதியிருந்த சின்ன அறையில் ஒரு குமாஸ்தா மைக்கோடு உட்கார்ந்திருந்தார். தொலைந்த குழந்தைகளையும் குடைகளையும் பற்றி அறிவிக்கிறவர்.

"கூட வந்தவங்க பேரு சொல்லுங்கம்மா, கூப்பிடறேன்."

அவளுக்கு ஒருவர் பெயரும் தெரியாது.

"உங்க வீட்டுக்காரர், பிள்ளைங்க யாராவது?"

"யாரும் இல்லைங்க. பஸ்ல வந்தேன். பஸ்ஸு போயிடுச்சு."

குமாஸ்தா தாடையைச் சொறிந்தார். பஸ்ஸையே மைக்கில் கூப்பிட்டுப் பார்த்தார். "இளநீலப் பஸ்ல வந்த யாத்ரீகர்கள் யாராவது இருந்தா விசாரணை அறைக்கு வாங்க." இரண்டு தடவை சொன்னார். வேறொரு இளநீலப் பஸ்ஸிலிருந்து ஒரு கிழவர் வந்து, அவளை உற்றுப் பார்த்து, "எங்க ஆளு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவங்க நம்பர் ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று குமாஸ்தா தன் மேசைப் போனை அவள் பக்கம் தள்ளினார்.

அதுதான் வேடிக்கை. ஆஸ்பத்திரியின் அத்தனை அறை நம்பரும் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் யாத்திரைக்காரர் நம்பர் போனுக்குள் இருந்தது. அக்கா நம்பரும் அதற்குள்தான். அக்காவின் படத்தை அமுக்கியே பழகிவிட்டாள். மனப்பாடமாகத் தெரிந்த வெளி நம்பர் ஒன்றே ஒன்றுதான். அதைச் சுழற்றினாள்.

"வணக்கம், யாரோட பேசணும்?"

நைட்டு சார் குரல். அந்தப் பக்கத்திலிருந்து அவள் அதைக் கேட்டதே இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். யாரோடு பேச வேண்டும்? அந்தக் கட்டடம் முழுக்க மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒரு ஆள் கிடைக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குமாஸ்தா பார்க்காத மாதிரி மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

நைட்டு சார் வைத்துவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிறவர்களில் பாதிப்பேர் முதலில் பேச மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். "பரவாயில்லைம்மா. நிதானமாச் சொல்லுங்க. நான் லைன்லதான் இருக்கேன்" என்றார்.

"சார், நான்தான். பகல்."

"அக்காவா? என்ன ஆச்சு? கோயில்ல இல்லையா நீங்க?"

"கோயில்லதான் இருக்கேன். பஸ்ஸுதான் இல்லை."

சொல்லி முடிப்பதற்குள் விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "கேன்டீன் அம்மாவோட கொழுந்தன்தானே? இருங்க, நம்பர் வாங்கிப் போட்டுத் தர்றேன். வெச்சிடாதீங்க" என்றார். காதில் இசை ஓட ஆரம்பித்தது. பல வருஷமாக எத்தனையோ பேரை அவள் காக்க வைத்த அதே இசை. நடுவில் ஓரிடத்தில் தேய்ந்த மாதிரி ஒரு துள்ளல் இருந்தது. இவ்வளவு மோசமாகவா இருக்கிறது இது, பாவம் ஜனங்கள் என்று நினைத்தாள்.

யாத்திரைக்காரர் லைனில் வந்தார். பின்னால் பஸ் இரைச்சலும் சிரிப்பும் கேட்டன.

"அம்மா, நீங்க பஸ்ல இல்லையா?"

"இல்லைங்க."

"எண்ணித்தாம்மா கிளம்பினோம். குடும்பம் குடும்பமாக் கேட்டேன். உங்க வீட்ல எல்லாரும் வந்தாச்சா, உங்க வீட்ல வந்தாச்சான்னு ஒவ்வொருத்தரையும் கேட்டேன். எல்லாரும் வந்தாச்சுன்னாங்க. உங்களை... எந்த வீட்ல..."

ஒருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்துதான் இருந்தார்கள்.

"திரும்பி வர முடியாதும்மா, ரொம்ப தூரம் வந்துட்டோம். நீங்க ஒரு பஸ் புடிச்சு வந்துடுங்களேன், ராத்திரி தங்கற இடத்துல சேந்துக்கலாம்."

"வேண்டாங்க. நான் வீட்டுக்குப் போயிடறேன். என் பையைப் பத்திரமா வெச்சிருங்க." இதை அவள் ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னாள். நோயாளியின் உறவுக்காரர்கள் கத்தும்போது பேசுகிற, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். அந்தப் பக்கம் யாத்திரைக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது. அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வயல், வீடு, பெட்ரோல் பங்க், மறுபடியும் வீடு. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பசிதான் வந்தது. பாதி வழியில் பஸ் நின்ற இடத்தில் ஒரு பன்னும் டீயும் வாங்கிக்கொண்டாள். டீக்கடைக்காரர் அவள் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, "செருப்பைக் கோயில்ல தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள். "புண்ணியம்தான், பாவமெல்லாம் அதோட போயிடும்" என்றார். அந்த நாளில் முன்பின் தெரியாத ஒருவர் அவளுக்குச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

ஊர் எல்லை வந்தபோதுதான் சாவி ஞாபகம் வந்தது. இன்னொரு சாவி அக்காவிடம், வேறு ஊரில். ஆகவே வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். இன்னும் பொழுது இருந்தது. வாசல் காவல்காரர் அவளை யாரோ நோயாளியைப் பார்க்க வந்தவள் என்று நினைத்து, "பார்வை நேரம் முடிஞ்சுதும்மா" என்றார். அவள் வாயைத் திறந்து, "நான் இங்கதான் வேலை பாக்கறேன்" என்றதும் குரலைக் கேட்டு விலகி நின்றார்.

நைட்டு சார் எழுந்து நாற்காலியை அவளிடம் விட்டுவிட்டு, ஓடிப்போய் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கொண்டுவந்தார். இரண்டும் இடது காலுக்கானவை. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு மருந்து வைத்து வந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அந்த அறையில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. முழங்கால்கள் மேசையில் இடித்தன.

"எங்க வீட்டுக்கு வாங்க அக்கா. ரெண்டு ரூம்தான், மூணு பொண்ணுங்க கத்திக்கிட்டே இருப்பாங்க. ஆனா எடம் இருக்கு."

அவர் மனசாரத்தான் கூப்பிட்டார், அது அவளுக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு இன்னொரு குடும்பத்தின் நடுவே போய் உட்கார அவளால் முடியாது. "வேண்டாம் சார். ரிசப்ஷன் ஆளை வர வேணாம்னு சொல்லிடுங்க. ராத்திரியை நான் பாத்துக்கறேன். பகல்ல நர்ஸுங்க ரூம்ல படுத்துக்கறேன். நீங்க போய்த் தூங்குங்க."

அவர் தயங்கினார். "சாமிகிட்ட எனக்குக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு டிபன் பெட்டியை எடுத்தார். இரண்டு இரவு அப்படியே போயிற்று.

மூன்றாம் நாள் யாத்திரைக்காரர் பையோடு வந்து படிக்கட்டு அறை வாசலில் நின்றார். கூடவே கேன்டீன் அம்மாவும், அவரைத் திட்டிக்கொண்டே. அவர் கையில் பிரசாதப் பொட்டலம். "அடுத்த தடவை உங்களைத் தனியா எழுதி வெச்சுக்கறேம்மா" என்றார். அவள் சரி என்றாள். கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள், இல்லை. அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. கணக்குத் தெரியாதவரும் இல்லை.

வீட்டைத் திறந்ததும் அடைத்துக் கிடந்த வாடை அடித்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அரிசி களைந்து அடுப்பில் வைத்துவிட்டு, போனுக்குச் சார்ஜ் ஏற்றினாள். அக்கா ஒரு தடவை கூப்பிட்டிருந்தாள். அவள் திருப்பிக் கூப்பிட்டாள்.

"வந்துட்டியா பாப்பா? சாமி நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்."

"எனக்கும் கும்பிட்டியா?"

"உனக்குக் கும்பிட்டேன், உன் பேரனுக்கும் கும்பிட்டேன்."

"பஸ்ல கூட வந்தவங்க எல்லாம் எப்படி? நல்லாப் பாத்துக்கிட்டாங்களா?"

சொன்னால் அக்கா அழுவாள். அழுதுவிட்டு, அங்கேயிருந்து வரவும் முடியாமல் தவிப்பாள். "நல்லாப் பாத்துக்கிட்டாங்க" என்றாள்.

"உனக்கு என்ன வேண்டிக்கிட்ட?"

பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் எதுவோ விழுந்து உடைந்தது. குழந்தை வீறிட்டது. "இரு, அப்புறம் பேசறேன்" என்று அக்கா போனை எங்கேயோ வைத்தாள். லைனைத் துண்டிக்க மறந்துவிட்டாள்.

அடுத்தவர் லைனில் காது வைக்கக் கூடாது என்பது அவள் தொழிலில் முதல் பாடம். இத்தனை வருஷத்தில் அவள் அதை மீறியதில்லை. அன்று போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். துடைப்பம் தரையில் உரசியது. குழந்தையின் அழுகை விக்கலாகி, விக்கல் சிணுங்கலானது. குழாயில் தண்ணீர். "யாரும்மா போன்ல?" என்று மகன் கேட்டான்.

"யாருமில்லடா, சித்திதான்" என்றாள் அக்கா. ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னாள்.

அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். தட்டுகள் வைக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பூஜ்யம் அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். அடுப்பை அணைத்து, தட்டு எடுத்துவந்து, தனக்கும் சோறு போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் யாரோ உப்பு கேட்டார்கள். இவள் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.